தாசையன் விழப் படித்த கதை

மலையோரத்தில் ஒரு களரி. அதில் சுயம்பு என்று ஓர் ஆசான். ஆசான் என்றதும் தாடியும் வெள்ளை முடியுமாக யாரையாவது நினைத்துக்கொள்ள வேண்டாம். வயது முப்பத்தைந்துதான். ஒல்லியான ஆள். பார்த்தால் ரேஷன் கடையில் மண்ணெண்ணெய் ஊற்றுகிறவர் மாதிரி இருப்பார். அடிமுறைச் சண்டை சொல்லிக் கொடுப்பார், எலும்பு முறிந்து வருகிறவர்களுக்குக் கட்டுப் போடுவார். பேச்சு கம்மி.

அவரிடம் கட்டுப் போட வந்தவர்தான் தாசையன். ஆசானைவிட இருபது வயது மூத்தவர். ரப்பர் ஷீட்டைப் புகை போட்டு உலர்த்துகிற புகைப்புரையில் வேலை. ஆள் நூறு கிலோவைத் தாண்டி எங்கேயோ போய்விட்டார். எவ்வளவு என்று அவருக்கே தெரியாது. எடை பார்க்கச் சொன்னால், "தெரிஞ்சு என்ன, பாதியைத் திருப்பிக் குடுக்கவா போறேன்" என்பார்.

அவருக்குத் தோளோரத்தில் காறை எலும்பு முறிந்திருந்தது. ஆசான் பொருத்திக் கட்டினார். எலும்பு கூடி, கட்டு அவிழ்த்த அன்றைக்கு தாசையன் கேட்டார்.

"இனி கனம் தூக்கலாமா ஆசானே?"

"என்ன கனம்?"

"ஒரு ஆளு கனம். எனக்க வீட்டுக்காரி."

ஆசான் துணியைச் சுருட்டிக்கொண்டே, "தூக்கலாம்" என்றார்.

"அப்பம் எனக்கு விழப் படிப்பிச்சுத் தரணும்."

ஆசான் சுருட்டுவதை நிறுத்தினார். "எல்லாரும் விழாம நிக்கத்தான் படிக்க வருவாங்க."

"விழாம இருக்க முடியாது ஆசானே. இந்த உடம்பு, அந்தச் சரிவு, இந்த ஊரு மழை. நான் விழுவேன். ஆனா அவளை விடாம விழணும். அதுக்கு ஒரு வழி சொல்லுங்க, போதும்."

தாசையனின் வீடு ரோட்டுக்குக் கீழே ரப்பர் தோட்டத்துக்குள் இருந்தது. ரோட்டில் இருந்து இறங்கச் செம்மண்ணில் வெட்டின படிகள்தான். அவர் மனைவி லீலாபாய்க்கு முதுகெலும்பில் ஒரு கட்டி வந்து, ஆபரேஷன் செய்து, உயிர் தங்கியது. கால் தங்கவில்லை. அன்றிலிருந்து சர்ச்சுக்கானாலும் ஆஸ்பத்திரிக்கானாலும் தாசையன்தான் அவளை இரண்டு கையிலும் ஏந்திப் படியேறுவார். அவள் அவர் கழுத்தைக் கட்டிக்கொள்வாள். அவர் மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கும்போது, "இந்த வண்டிக்கு ஹாரன்தான் கொறச்சல்" என்பாள். அந்தப் பேச்சுக்காகவே இன்னும் நாலு படி ஏறலாம் போல இருக்கும் அவருக்கு.

ஐப்பசி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. காலையிலேயே மழை. ஆராதனைக்குப் போகிற வழியில், பாதிப் படியில் கால் வழுக்கியது. கை திறந்துகொண்டது. அவர் திறக்கவில்லை, அதுவாகத் திறந்தது. ஆனால் அது அவர் கைதானே. திறந்த கை போய்த் தரையில் ஊன்றியது, அத்தனை எடையும் அந்த ஒரு கையில் இறங்கியது. காறை எலும்பு முறிந்த சத்தம் அவருக்கே கேட்டது. லீலாபாய் உருண்டு கீழே போய்விட்டாள்.

மழை நாளில் ரப்பர் பால்வெட்டு கிடையாது. தோட்டத்துக்குள் ஒரு குருவி கூட வராது. மாட்டைத் தேடிக்கொண்டு ஒருவன் அந்தப் பக்கம் வரும்வரை இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் கிடந்தார்கள். பிறகு நாலு பேர் வந்து லீலாபாயை ஒரு கட்டிலில் கிடத்தி ஆஸ்பத்திரிக்குத் தூக்கினார்கள். முகத்தில் மழை விழுகிறதே என்று ஒரு தார்ப்பாயை இழுத்து மூடினார்கள். நல்லெண்ணத்தில் செய்ததுதான். ரோட்டில் எதிரே வந்தவர்கள் தலைத்துண்டை எடுத்துவிட்டு ஒதுங்கி நின்றார்கள். யாரோ ஒரு பெண் வாய்விட்டு அழவும் தொடங்கிவிட்டாள். தார்ப்பாய்க்கு அடியில் கிடந்து லீலாபாய் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்குத் திரும்பி வந்தபிறகு அவள் ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்.

"நாலு பேரு தூக்கிப் போறது ஒரு தடவைதான். எனக்கு அது கழிஞ்சாச்சு. இனி யாரும் என்னை நாற்காலியில வச்சோ கட்டிலில வச்சோ தூக்கக் கூடாது."

"நான் தூக்குகேன்" என்றார் தாசையன்.

அவள் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள்.

ஊரில் எல்லாரும் தாசையனுக்கு ஆறுதல் சொன்னார்கள். ஆனைக்கும் அடி சறுக்கும் என்றார்கள். அவர் உடம்பை வைத்துக்கொண்டு அந்தப் பழமொழியைக் கேட்பது ஒரு கஷ்டம். அது போகட்டும். ஆனை சறுக்கினபோது அதன் மேலே யார் இருந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை.

படுத்தே கிடந்ததில் அவளுக்கு இடுப்பில் புண் வந்தது. மிஷன் ஆஸ்பத்திரி நர்ஸ் வாரம் ஒரு தடவை இறங்கி வந்து மருந்து வைத்துக் கட்டுவாள். ஒவ்வொரு தடவையும், "ஆஸ்பத்திரிக்கு கொண்டு வாங்க, புண்ணு உள்ள போகுது, எலும்பைத் தொட்டா பொறவு மருந்து கேக்காது" என்பாள். லீலாபாய் சுவரைப் பார்த்தே கிடப்பாள்.

இதையெல்லாம் கேட்டுவிட்டு சுயம்பு ஆசான், "நாளைக்குக் காலையில வாரும்" என்றார். அதுவரை அவர் தாசையனை 'அண்ணாச்சி, வாங்க போங்க' என்றுதான் பேசிக்கொண்டிருந்தார். களரிக்குள் படிக்க வந்துவிட்டால் யாரானாலும் 'நீரு'தான்.

மறுநாள் தாசையன் வந்தார். ஆசான் களரியின் மண்தரையைக் காட்டினார்.

"படும்."

தாசையன் படுத்தார். படுப்பதற்கே ஒரு பாடு ஆனது.

"விழும்."

"படுத்துத்தானே கிடக்கேன் ஆசானே."

"அப்பம் விழுந்தாச்சு. பயமா இருக்கா?"

"இல்ல."

"நாளைக்கு இதைவிட ஒரு சாண் மேல இருந்து."

அப்படித்தான் பாடம் நடந்தது. படுத்துக்கொண்டு உருண்டார். உட்கார்ந்து சாய்ந்தார். பிறகு குத்தவைத்து, பிறகு முழங்காலில் நின்று. மற்றவர்கள் இரண்டே நாளில் தாண்டிப் போகிற இடத்தில் தாசையன் வாரக்கணக்கில் கிடந்தார். ஒல்லியானவன் தப்பாக விழுந்தால் எழுந்து மண்ணைத் தட்டிவிட்டுப் போவான். அவர் தப்பாக விழுந்தால் இன்னொரு எலும்பு போகும். ஆசானுக்கு அது தெரியும். அதனால் அவசரப்படுத்தவில்லை.

"கையை ஊனாதேயும்."

"தானா போகுது."

"மறுகையால தோளைப் பிடியும். போகட்டும் பாப்போம்."

"ம்."

"தாடை நெஞ்சுல ஒட்டணும். தலை மண்ணைப் பாக்கப்பிடாது. தோளுல எறங்கி, முதுகுக்குக் குறுக்கால போயி, எதிர்ப் பக்கத்து இடுப்புல முடியணும். நடு முதுகெலும்பு மண்ணுல படப்பிடாது."

"வயிறு இடிக்குது ஆசானே."

"இடிக்கட்டும். ஒம்மிடத்துல உருண்டையா இருக்கது அது ஒண்ணுதான். மிச்சத்தையும் அதுபோல ஆக்கும்."

தாசையனுக்குச் சிரிப்பு வந்தது. ஐப்பசிக்குப் பிறகு அவர் சிரித்தது அன்றைக்குத்தான்.

"மூச்சைப் பிடிக்காதேயும்" என்றார் ஆசான். "மூச்சைப் பிடிச்ச உடம்பு கல்லு. விழும்போது விட்டுக்கிட்டே விழும்."

சாயங்காலம் வீட்டுக்குப் போனால் தோளிலும் விலாவிலும் கன்றிப்போய் இருக்கும். கட்டிலுக்குக் கீழே தரையில் உட்கார்ந்துகொள்வார். லீலாபாய் படுத்தவாக்கிலேயே கையை நீட்டி அவர் தோளில் எண்ணெய் தேய்ப்பாள்.

"யாரு அடிச்சா?"

"நானேதான்."

அதற்குமேல் அவள் கேட்க மாட்டாள். எண்ணெய்க் கை தோளிலேயே கொஞ்ச நேரம் இருக்கும். அந்தக் கை கழுத்தைக் கட்டிக்கொண்டிருந்த கைதானே என்று அவருக்குத் தோன்றும். எழுந்து போய் அடுப்பைப் பார்ப்பார்.

மாசி கழிந்து பங்குனியும் பாதி போயிற்று. ஒரு நாள் தாசையன் நின்றபடியே முன்னால் விழுந்து, தோளில் உருண்டு, எழுந்து நின்றார். பெரிய சத்தம் எதுவும் இல்லை. கை ஊன்றவில்லை. அவருக்கே நம்பிக்கை வரவில்லை. திரும்ப ஒரு தடவை விழுந்து பார்த்தார். மறுபடியும் எழுந்து நின்றார்.

"இப்பம் சொல்லுங்க ஆசானே" என்றார். "கையில அவ இருக்கும்போது எப்படி?"

ஆசான் உள்ளே போய் ஒரு சாக்கைத் தூக்கிக்கொண்டு வந்தார். அதில் முக்கால்வாசி மரச்சீனி, அதாவது மரவள்ளிக் கிழங்கு.

"ஏந்தும்."

தாசையன் ஏந்தினார். நடக்கச் சொன்னார் ஆசான். நடக்கும்போது பக்கத்தில் இருந்து ஒரு தள்ளு தள்ளினார். தாசையன் விழுந்தார், அழகாக உருண்டார், எழுந்து நின்றார். சாக்கு அந்தப் பக்கம் கிடந்தது. கிழங்கு நாலா பக்கமும் சிதறியிருந்தது.

உட்கார்ந்து பொறுக்கி நிறைத்து மறுபடியும் ஏந்தினார். ஆசான் தள்ளினார். கை திறந்தது. அடுத்த நாளும் அப்படியே. அதற்கடுத்த நாளும். பல்லைக் கடித்துக்கொண்டு இறுக்கிப் பிடித்த ஒரு தடவை சாக்கோடு குப்புற விழுந்தார். கிழங்கு அவருக்கு அடியில் நசுங்கியது. நசுங்கின கிழங்கை எடுத்துப் பார்த்தவர் அதைக் கீழே வைக்க ரொம்ப நேரம் ஆயிற்று.

"விட்டா உருண்டு போறா. விடல்லேன்னா எனக்க அடியில சாவுறா" என்றார். பிறகு கோபம் வந்தது. "நீங்க செய்து காட்டுங்க ஆசானே. நான் பாக்கேன்."

ஆசான் சாக்கை ஏந்தினார். நடந்தார். தாசையன் தள்ளினார், கொஞ்சம் பலமாகவே. ஆசான் பூனை மாதிரி உருண்டு எழுந்தார். சாக்கு தூரத்தில் கிடந்தது.

தாசையன் சாக்கையும் ஆசானையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஒங்களுக்கும் விடுது."

"விடும்."

"எத்தனை வருஷமா விழுகீங்க?"

"நடக்கத் தொடங்கின நாளுல இருந்து."

"அப்பம் விடாம விழுற வழி?"

"எனக்குத் தெரியாது."

"வேற யாருக்குத் தெரியும்?"

ஆசான் உட்கார்ந்து கிழங்கைப் பொறுக்கத் தொடங்கினார்.

"இதை அன்னைக்கே சொல்லியிருக்கலாமே" என்றார் தாசையன். "இத்தனை மாசமா மண்ணுல புரண்டேனே. நான் படிச்சதெல்லாம் அவளைச் சுத்தமா கீழ போடத்தானா?"

"அன்னைக்குச் சொல்லியிருந்தா நீரு படிச்சிருக்க மாட்டீரு."

தாசையன் சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டு போய்விட்டார். மறுநாள் வரவில்லை. அதற்குப் பிறகும் வரவில்லை.

சித்திரை பிறந்தது. கோடை மழை சாயங்காலம் சாயங்காலம் இறங்கியது. நர்ஸ் வந்து புண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மறுபடி கட்டினாள். வெளியே வந்து தாசையனிடம், "இனி வீட்டுல வச்சுப் பாக்க முடியாது. அறுத்துச் சுத்தம் பண்ணணும். இந்த வாரத்துக்குள்ள கொண்டு வரல்லேன்னா என்னைக் குத்தம் சொல்லாதீங்க" என்றாள்.

தாசையன் கட்டில் அருகில் போய் நின்றார்.

"தூக்கட்டுமா?"

அவள் சுவரைப் பார்த்துக் கிடந்தாள்.

"வேற ஆளை விளிக்கட்டுமா? ரெண்டே ரெண்டு பேரு. நாற்காலி."

"அதுக்கு நான் இங்கனயே சாவுகேன்" என்றாள் சுவரிடம்.

புண்ணின் வாடை வீட்டில் நிறைந்திருந்தது. புகைப்புரையில் இருந்து வருகிறவருக்கு வேறு எந்த வாடையும் மூக்கில் ஏறாது. இது ஏறியது.

அன்றைக்குச் சாயங்காலம் மழை விட்டிருந்த நேரத்தில் சுயம்பு ஆசான் படியிறங்கி வந்தார். யாரும் கூப்பிடவில்லை. உள்ளே வந்து கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்.

"அக்கா, நான் சுயம்பு. அண்ணாச்சிக்குக் கட்டுப் போட்ட ஆளு."

லீலாபாய் தலையைத் திருப்பிப் பார்த்தாள். "இவ்வளவு சின்ன ஆளா?" என்றாள். பிறகு தாசையனிடம், "ஆசானுக்கு ஒரு கட்டன் சாயா போடுங்க" என்றாள்.

தாசையன் அடுப்படிக்குப் போனார். வீடு சின்னது. அடுப்படியில் நின்றால் எல்லாம் கேட்கும்.

"அக்கா, அண்ணாச்சி தூக்க வந்தா ஏன் வேண்டாம்னு சொல்லுகீங்க?" ஆசானின் குரல். "கை விட்டுருமோன்னு பயமா?"

கட்டில் கிறீச்சிட்டது.

"அவருகிட்ட இதைக் கேட்டீங்களா?" என்றாள்.

"கேட்டேன். பயம்னு சொன்னாரு."

"என்னைக் கேக்காமலே சொல்லிட்டாரா." கொஞ்சம் மூச்சு வாங்கினாள். "கை விடும் ஆசானே. மழையில மனுஷன் கை விடத்தான் செய்யும். அதை நான் ஒரு நாளும் நினைச்சது கூட இல்ல. நான் கீழ போயி ஒரு மரத்து மூட்டுல, வேருகிட்ட, குப்புறக் கிடந்தேன். திரும்பிப் பாக்க என்னால முடியாது. ஏங்க, ஏங்கன்னு விளிச்சேன். சத்தம் இல்ல. தொண்டை போற வரைக்கும் விளிச்சேன். சத்தமே இல்ல."

தாசையனின் கையில் தேயிலை டப்பா இருந்தது.

"செத்துப்போனாருன்னு நினைச்சேன். மாடு தேடி வந்தவன், இவருக்கு உசுரு இருக்குன்னு சொல்லுற வரைக்கும் நான் தாலியறுத்தவளாத்தான் அந்த மழையில கிடந்தேன். இன்னொரு தடவை அப்படிக் கிடக்க எனக்குத் தெம்பு இல்ல ஆசானே. புண்ணுல போனா போறேன். அவரு இங்கன அடுப்படியில நடக்கது காதுல கேட்டுக்கிட்டே போறேன்."

அடுப்பில் தண்ணீர் கொதித்துப் பொங்கி அடுப்பையே அணைத்தது. தாசையன் அதைப் பார்க்கவில்லை.

அவர் எவரிடமும் சொல்லாத ஒன்று இருந்தது. ஆசானிடமும் சொல்லவில்லை, பாதிரியாரிடமும் சொல்லவில்லை. அன்றைக்கு அவருக்கு நினைவு தப்பவில்லை. அவள் விளித்தது ஒவ்வொன்றும் காதில் விழுந்தது. முதலில் மூச்சு வரவில்லை, அது உண்மை. பிறகு வந்தது. வாயில் செம்மண்ணோடு கிடந்து அவர் யோசித்தார், போட்டுவிட்டு எந்த வாயால் என்னவென்று கேட்பது என்று. ஒரு விளிக்குப் பேசாமல் இருந்தார். பேசாமல் இருந்ததால் அடுத்த விளிக்குப் பேசுவது இன்னும் கஷ்டமாகிவிட்டது. அப்படியே போயிற்று. கடைசியில் அவள் சத்தமும் நின்றது. அப்போது அவள் செத்துப்போனாள் என்று அவரும் நினைத்தார்.

அவர் அடுப்படியில் இருந்து வந்து வாசல்படியில் நின்றார்.

"எனக்குக் கேட்டுது லீலா."

"என்னது?"

"நீ விளிச்சது. எல்லாம் கேட்டுது."

அவள் அவரையே பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பார். அவள் யாரோ வெளியூர் ஆளைப் பார்ப்பது போலப் பார்த்தாள்.

"அப்பம் ஏன்..." என்றாள். சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். முதுகு குலுங்கியது.

தாசையன் நின்ற இடத்திலேயே நின்றார். நூறு கிலோ உடம்பை எங்கே கொண்டு வைப்பது என்று தெரியவில்லை.

வெளியே மறுபடி மழை பிடித்தது. ஆசான் எழுந்தார்.

"அண்ணாச்சி, என்னை ரோட்டுல கொண்டு விடுங்க."

"குடை தரட்டா?"

"குடை வேண்டாம். தூக்கிக்கிட்டுப் போங்க."

தாசையன் புரியாமல் பார்த்தார்.

"தூக்கும்" என்றார் ஆசான்.

தாசையன் தூக்கினார். லீலாபாயை ஏந்துகிற மாதிரியே இரண்டு கையிலும் ஏந்தினார். மாதக்கணக்காகச் சாக்கைத் தவிர வேறு எதையும் ஏந்தாத கை. ஆசான் ஒல்லிதான், ஆனாலும் ஆள் ஆள்தான். வெளியே வந்து செம்மண் படியில் கால் வைத்தார். தண்ணீர் படிமேல் ஓடிக்கொண்டிருந்தது. கட்டைவிரலை ஊன்றி ஊன்றி ஏறினார். மேல்மூச்சு வாங்கியது.

பாதிப் படி வந்தது. இடம் அதேதான். தாசையனின் கால் அங்கே தானாக நின்றது.

அந்த நேரம் பார்த்து ஆசான் தன் உடம்பை ஒரு பக்கமாகத் தூக்கி வீசினார். வேண்டுமென்றேதான்.

கால் வழுக்கியது. தாடை நெஞ்சில் ஒட்டியது. மூச்சு வெளியே போனது. தோள் மண்ணைத் தொட்டது, முதுகு குறுக்காகப் போனது, எதிர் இடுப்பு இறங்கியது. கை ஊன்றவில்லை. எங்கும் ஒன்றும் முறியவில்லை. தாசையன் முழங்காலில் எழுந்து உட்கார்ந்திருந்தார்.

கை இரண்டும் காலியாக இருந்தன.

கீழே ஒரு ரப்பர் மரத்து மூட்டில் ஆசான் குப்புறக் கிடந்தார். அசைவு இல்லை. மழை அவர் முதுகில் விழுந்துகொண்டிருந்தது.

தாசையன் தன் கையைப் பார்த்தார். அந்தப் பழைய யோசனை அப்படியே வந்து நெஞ்சில் உட்கார்ந்தது. மறுபடியும் போட்டுவிட்டேன். இனி என்ன பேச.

"அண்ணாச்சி" என்று கீழே இருந்து ஒரு குரல் வந்தது. சின்னக் குரல்.

தாசையனின் வாய் திறந்தது. சத்தம் வரவில்லை.

"அண்ணாச்சி."

"இந்தா இருக்கேன்" என்றார் தாசையன். அது அவருக்கே கேட்கவில்லை. மூச்சை இழுத்தார். "இந்தா இருக்கேன். வாறேன். நான் இருக்கேன், வாறேன்."

சத்தம் மரத்துக்கு மரம் மோதிப் போனது. எழுந்து நடந்தால் வழுக்கும் என்று உட்கார்ந்தபடியே சரிவில் இறங்கினார். வேட்டி கிழிந்தது. பிட்டம் கல்லில் உரசியது. ஒவ்வொரு இழுப்புக்கும், "வாறேன், இந்தா வந்துட்டேன், வாறேன்" என்று கத்திக்கொண்டே போனார். அந்தக் கத்தலில் பாதி அழுகை. வந்து சேர்ந்த பிறகும் நிறுத்தத் தெரியவில்லை. ஆசானின் தோளைப் பிடித்துப் புரட்டினார்.

ஆசானின் நெற்றியில் ஒரு சிராய்ப்பு. கண் திறந்துதான் இருந்தது.

"அடி பட்டுதா ஆசானே?"

"கொஞ்சம்."

தாசையன் சேற்றில் உட்கார்ந்தார். மழைத்தண்ணீரும் கண்ணீரும் தாடையில் ஒன்றாக வடிந்தன.

"இப்பவும் விட்டுட்டேனே ஆசானே. இத்தனை படிச்சும் விட்டுட்டேனே."

ஆசான் எழுந்து உட்கார்ந்து வாயில் புகுந்த மண்ணைத் துப்பினார். பிறகு மரங்களுக்கு நடுவே தெரிந்த வீட்டுப் பக்கம் தலையைத் திருப்பினார்.

"சத்தம் அங்கன வரைக்கும் கேட்டிருக்கும்" என்றார். "போயி அக்காவைத் தூக்கும்."